பிரிட்டிஷ், ஆங்கிலேயர், ஸ்காட்டிஷ்: யார் யார், படிவத்தில் எதைக் குறிப்பது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு புதிய கேள்வி சேர்ந்தது: உங்கள் தேசிய அடையாளம் எது? 57.7 சதவீதம் பேர் ‘ஆங்கிலேயர்’ என்பதை மட்டும் குறித்தார்கள். ‘பிரிட்டிஷ்’ என்பதை மட்டும் குறித்தவர்கள் 19.1 சதவீதம்தான். பத்து ஆண்டு கழித்து, 2021-இல், விடை தலைகீழாக வந்தது. ‘பிரிட்டிஷ்’ மட்டும் 54.8 சதவீதம், ‘ஆங்கிலேயர்’ மட்டும் 14.9 சதவீதம்.

அதற்குள் கோடிக்கணக்கானோர் மனம் மாறிவிட்டார்களா? அப்படியில்லை. 2011-இல் இங்கிலாந்தில் கொடுத்த படிவத்தில் ‘ஆங்கிலேயர்’ என்ற கட்டம் முதலில் இருந்தது. 2021-இல் ‘பிரிட்டிஷ்’ என்ற கட்டத்தை மேலே கொண்டுவந்தார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு அந்த வரிசை மாற்றமும் ஒரு காரணம் என்று கணக்கெடுத்த அலுவலகமே சொன்னது.

அந்த ஊர்க்காரர்களிலேயே பலருக்கு இரண்டு பெயரும் பொருந்துகிறது. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதைக் குறிக்கிறார்கள். அப்படியிருக்க, பிள்ளையைப் படிக்க அனுப்பியிருக்கும் நீங்களோ, அங்கே வேலைக்குப் போகும் நீங்களோ குழம்புவதில் வியப்பில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது ஒரு நாடா, நான்கு நாடா?

இரண்டும் சரி. ஐ.நா. சபையில் உட்காரும் நாடு ஒன்றுதான். அதன் முழுப்பெயர் ‘பெரிய பிரிட்டன் மற்றும் வட அயர்லாந்து ஐக்கிய இராச்சியம்’. சுருக்கமாக யு.கே. அதற்குள் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்கு பகுதிகள். அங்குள்ளவர்கள் இவற்றையும் ‘நாடு’ என்றே சொல்கிறார்கள்.

பெரிய பிரிட்டன் என்பது ஒரு தீவின் பெயர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் அதில் இருக்கின்றன. வட அயர்லாந்து பக்கத்துத் தீவில் இருக்கிறது. அந்தத் தீவின் மீதிப் பகுதி அயர்லாந்துக் குடியரசு, தலைநகர் டப்ளின். அது முற்றிலும் வேறு நாடு.

எப்படி ஒன்று சேர்ந்தார்கள்?

வேல்ஸை 16-ஆம் நூற்றாண்டில் சட்டம் போட்டு இங்கிலாந்தோடு சேர்த்தார்கள். 1603-இல் ஸ்காட்லாந்து மன்னரே இங்கிலாந்துக்கும் மன்னரானார். 1707-இல் இரண்டு நாடாளுமன்றங்களும் ஒன்றாயின. ‘பிரிட்டிஷ்’ என்ற பொது அடையாளம் வேர்பிடித்தது அதற்குப் பிறகுதான். 1801-இல் அயர்லாந்தைச் சேர்த்தார்கள். 1922-இல் அதன் பெரும்பகுதி பிரிந்துபோனது. வடக்கு மட்டும் தங்கிவிட்டது.

அதனால்தான் ‘பிரிட்டிஷ்’ என்பது மேலே விரித்த குடையாக இருக்கிறது. அதன் கீழே இருப்பவர்களின் பழைய பெயர்கள் அழியவில்லை.

நாம் பாடப் புத்தகத்தில் படித்த ‘ஆங்கிலேயர்’ எல்லாரும் ஆங்கிலேயர்தானா?

இல்லை. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்த காலின் மெக்கன்சி, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்தவர்.

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லைப் பாருங்கள். 1814-இல் இன்றைய வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர். வளர்ந்தது கிளாஸ்கோவில். வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில். பிறந்த இடத்தால் அயர்லாந்து, பெற்றோரால் ஸ்காட்லாந்து, சட்டத்தால் பிரிட்டிஷ். எப்படிப் பார்த்தாலும் ‘ஆங்கிலேயர்’ என்ற பெயர் மட்டும் அவருக்குப் பொருந்தாது.

‘ஆங்கிலேயர்’ என்று பாஸ்போர்ட் உண்டா?

கிடையாது. ஸ்காட்டிஷ் பாஸ்போர்ட்டும் வேல்ஸ் பாஸ்போர்ட்டும் கிடையாது. குடியுரிமை என்ற இடத்தில் ‘பிரிட்டிஷ் குடிமகன்’ என்றுதான் அச்சிடுகிறார்கள். சட்டம் அறிந்த பெயர் பிரிட்டிஷ் மட்டுமே. ஆங்கிலேயர், ஸ்காட்டிஷ், வெல்ஷ் என்பவை பிறப்பு, வளர்ப்பு, மனப்பற்று சார்ந்தவை. அவற்றுக்குச் சான்றிதழ் தரும் அலுவலகம் எதுவும் இல்லை.

இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. ‘பிரிட்டிஷ்’ என்பதில் சட்டமும் இருக்கிறது, மனமும் இருக்கிறது. சட்டப் பாதியை அரசு முடிவுசெய்கிறது. மனப் பாதியை அவரவர் முடிவுசெய்கிறார்.

மற்ற மூன்று நாடுகளில் மக்கள் என்ன சொல்கிறார்கள்?

ஸ்காட்லாந்தில் 2022 கணக்கெடுப்பில் 65.5 சதவீதம் பேர் ‘ஸ்காட்டிஷ்’ என்று மட்டும் குறித்தார்கள். ‘பிரிட்டிஷ்’ என்று மட்டும் சொன்னவர்கள் 13.9 சதவீதம். வேல்ஸில் 2021-இல் ‘வெல்ஷ்’ மட்டும் 55.2 சதவீதம்.

இதை வைத்து ஸ்காட்லாந்தில் எல்லாரும் பிரிய நினைக்கிறார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. 2014 செப்டம்பர் 18-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் சுமார் 55 சதவீதம் பேர் சேர்ந்தே இருப்போம் என்றுதான் வாக்களித்தார்கள். தன்னை ஸ்காட்டிஷ் என்று மட்டும் சொல்லிக்கொள்பவரும் யு.கே.வில் நீடிக்க விரும்பலாம். அடையாளம் வேறு, அரசியல் முடிவு வேறு.

வட அயர்லாந்தில் மட்டும் ஏன் இவ்வளவு கவனமாகப் பேச வேண்டும்?

அங்கே இந்தப் பெயருக்காக ரத்தம் சிந்தியிருக்கிறார்கள். முப்பது ஆண்டு மோதலில் 3,500 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். 1998 ஏப்ரல் 10-இல் கையெழுத்தான பெரிய வெள்ளி உடன்படிக்கை, அங்கே பிறந்தவர்கள் தங்களை பிரிட்டிஷ் என்றோ, ஐரிஷ் என்றோ, இரண்டும் என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்று ஏற்றுக்கொண்டது. இரண்டு பாஸ்போர்ட்டும் வைத்துக்கொள்ளலாம்.

2021 கணக்கெடுப்பில் அங்கே ‘பிரிட்டிஷ்’ மட்டும் 31.9 சதவீதம், ‘ஐரிஷ்’ மட்டும் 29.1; ‘வட அயர்லாந்துக்காரர்’ மட்டும் 19.8. எந்தப் பெயருக்கும் பாதி ஆதரவுகூட இல்லை.

உடன்படிக்கை வந்ததும் சிக்கல் தீர்ந்ததா என்றால், முழுதாகத் தீரவில்லை. வட அயர்லாந்தில் பிறந்து, தன்னை ஐரிஷ் என்று கருதிய ஒரு பெண், அமெரிக்கரான தன் கணவருக்காக ஐரோப்பிய ஒன்றிய விதியின்கீழ் தங்கும் அனுமதி கேட்டார். ‘நீங்கள் பிறப்பால் பிரிட்டிஷ் குடிமகள். அந்த விதி உங்களுக்குப் பொருந்தாது’ என்றது உள்துறை. பிரிட்டிஷ் என்று நான் என்றைக்குமே சொல்லிக்கொண்டதில்லையே என்பது அவர் வாதம். 2019-இல் தீர்ப்பாயம் அரசின் பக்கம் நின்றது. ஆனால் மறு ஆண்டே, அவரைப் போன்ற குடும்பங்களுக்கு வழிவிடும்படி அரசு விதியை மாற்றியது. ஒருவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பதும் சட்டம் அவரை என்னவாகப் பார்க்கிறது என்பதும் மோதினால், குடும்பம் சேர்ந்து வாழ்வதுகூடக் கேள்விக்குள்ளாகும் என்பதற்கு இது சாட்சி.

அங்கே பிறந்தாலே பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்துவிடும் அல்லவா?

இல்லை. நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. 1983 ஜனவரி 1-க்கு முன் அங்கே பிறந்த ஏறக்குறைய எல்லாருக்கும் குடியுரிமை கிடைத்தது. அன்று நடைமுறைக்கு வந்த 1981-ஆம் ஆண்டுச் சட்டம் அதை மாற்றிவிட்டது. குழந்தை பிறக்கும்போது தாயோ தந்தையோ பிரிட்டிஷ் குடியுரிமை அல்லது நிரந்தரமாகத் தங்கும் அனுமதி பெற்றிருக்க வேண்டும். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ இருக்கும் தம்பதிக்கு லண்டன் மருத்துவமனையில் பிறக்கும் குழந்தை, பிறப்பால் பிரிட்டிஷ் ஆகாது.

பிறகு வழி உண்டா? உண்டு. குழந்தைக்கு 18 வயதாகுமுன் பெற்றோரில் ஒருவருக்கு நிரந்தர அனுமதி கிடைத்தால், குழந்தையின் பெயரில் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பதிவு செய்யலாம். பிறந்தது முதல் பத்து வயதுவரை அங்கேயே வளர்ந்த பிள்ளைக்கும் பதிவு செய்யும் உரிமை உண்டு. தானாக நடந்துவிடும் என்று சும்மா இருந்துவிடாதீர்கள், விண்ணப்பித்தால்தான் கிடைக்கும்.

இன்னொரு விஷயம். அங்கே குடியுரிமை பெற்ற உங்களுக்குச் சென்னையில் குழந்தை பிறந்தால் அது ‘வம்சாவளியால் பிரிட்டிஷ்’ (பெற்றோர் வழியாக மட்டும் கிடைக்கும் குடியுரிமை). அந்தக் குழந்தை வளர்ந்து, அதற்கும் வெளிநாட்டில் பிள்ளை பிறந்தால், அந்தப் பிள்ளைக்குப் பொதுவாகக் குடியுரிமை தானாகப் போய்ச் சேராது. பிரசவத்துக்கு எங்கே போவது என்று குடும்பம் யோசிக்கும்போது இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

‘பிரிட்டிஷ்’ பாஸ்போர்ட் இருந்தால் அங்கே போய் வாழலாம்தானே?

எல்லாராலும் முடியாது. சட்டத்தில் பிரிட்டிஷ் என்ற பெயரில் ஆறு வகை உண்டு. ‘பிரிட்டிஷ் குடிமகன்’ என்ற வகைக்குத்தான் அங்கே போய்வர, தங்க, வேலை செய்ய முழு உரிமை இருக்கிறது.

இது மலேசியத் தமிழர்களில் சிலரை நேரடியாகத் தொட்ட விஷயம். 1957 விடுதலைக்கு முன் பினாங்கு, மலாக்காவில் பிறந்த பலர், சட்டம் மாறியபோது ‘பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்’ ஆனார்கள். பெயரில் பிரிட்டிஷ் உண்டு, பாஸ்போர்ட்டும் உண்டு. பிரிட்டனில் வாழும் உரிமை மட்டும் கிடையாது. அதை அறியாமல் அந்த பாஸ்போர்ட்டை நம்பிப் போய், மலேசியக் குடியுரிமையைத் துறந்து, இரண்டுமில்லாமல் திண்டாடியவர்கள் உண்டு. 2002 ஜூலை 4-க்குப் பிறகு தாமாகவே வேறு குடியுரிமையைத் துறந்தவர்களுக்கு, பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு செய்துகொள்ளும் வழியையும் சட்டம் அடைத்துவிட்டது. ஏஜென்ட் யாராவது ‘முதலில் இதைத் துறந்துவிடுங்கள்’ என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எந்த வகை என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் படியுங்கள்.

நம் தாத்தா பாட்டிகள் பிரிட்டிஷ் பிரஜைகளாக இருந்தார்களே, அதில் இன்று ஏதாவது உரிமை உண்டா?

அநேகமாக இல்லை. விடுதலைக்கு முன் சென்னை மாகாணத்தில் பிறந்தவர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகள். மன்னராட்சி நடந்த புதுக்கோட்டையில் பிறந்தவர்கள் அதுகூட இல்லை. ‘பிரிட்டிஷ் பாதுகாப்பில் உள்ளவர்’ என்ற தனி வகை. அன்று திருச்சியிலிருந்து கொஞ்ச தூரம் போனாலே பெயர் மாறிவிடும்.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காமன்வெல்த் குடிமக்கள் பிரிட்டனுக்குத் தடையில்லாமல் போக முடிந்தது. 1962-லும் 1968-லும் அந்தக் கதவைக் குறுக்கினார்கள். 1971-ஆம் ஆண்டுச் சட்டம், 1973 ஜனவரி 1 முதல், ஏறக்குறைய அடைத்தேவிட்டது.

ஏற்கெனவே உள்ளே போனவர்கள் என்ன ஆனார்கள்?

இங்கேதான் பிரிட்டனின் மனச்சாட்சியை உலுக்கிய கதை வருகிறது. 1948-இல் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பலில் கரீபியத் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானோர் வந்து இறங்கினார்கள். 1973-க்கு முன் அப்படி வந்து குடியேறியவர்களுக்குத் தங்கும் உரிமை இருந்தது. ஆனால் அதைக் காட்டும் காகிதம் பலருக்குத் தரப்படவே இல்லை. அவர்களின் பழைய வருகை அட்டைகளையும் 2010-இல் உள்துறை அழித்துவிட்டது.

பிறகு குடியேற்ற விதிகள் கடுமையானபோது, ஆயுள் முழுக்க அங்கே உழைத்து வரி கட்டியவர்களிடம் ‘நீ இந்த நாட்டவன் என்பதற்கு ஆதாரம் என்ன’ என்று கேட்டார்கள். வேலை போனது, வீடு போனது, சிகிச்சை மறுக்கப்பட்டது. சிலரை நாடுகடத்தியும் விட்டார்கள். 2018-இல் உண்மை வெளியே வந்து உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார்.

உங்களுக்கு இதில் என்ன பாடம்? மனத்தால் நீங்கள் எவ்வளவு பிரிட்டிஷாக இருந்தாலும், காகிதம் இல்லையென்றால் சட்டம் உங்களைக் கண்டுகொள்ளாது. உங்கள் குடும்பத்துப் பெரியவர் யாராவது அந்தக் காலத்தில் அங்கே குடியேறி, ஆவணம் இல்லாமல் இருந்தால் கவனியுங்கள். விண்ட்ரஷ் திட்டம் கரீபியர்களுக்கு மட்டும் உரியதல்ல. 1988 டிசம்பர் 31-க்கு முன் வந்து குடியேறிய எந்த நாட்டவரும் அதில் விண்ணப்பிக்கலாம்.

படிவத்தில் நான் எதைக் குறிக்க வேண்டும்?

பிரிட்டனில் பள்ளி, மருத்துவமனை, வேலை, வாடகை வீடு என எங்கே போனாலும் படிவம்தான். அதில் ஒன்றுபோலத் தோன்றும் ஐந்து கேள்விகள் வரும். ஐந்துக்கும் விடை வெவ்வேறு.

முதலாவது, குடியுரிமை. இதற்கு விடை உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. இந்திய பாஸ்போர்ட் என்றால் ‘இந்தியர்’. பதினைந்து ஆண்டு அங்கே வாழ்ந்து, நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கையில் இருந்தாலும் அப்படித்தான் எழுத வேண்டும். நிரந்தர அனுமதி குடியுரிமை ஆகாது. வேலைக்கும் விசாவுக்கும் இதில் தெரிந்தே தவறாக எழுதினால் பொய்த் தகவல் தந்த குற்றமாகிவிடும்.

இரண்டாவது, பிறந்த நாடு. சென்னையில் பிறந்தவர் பிரிட்டிஷ் குடிமகனான பிறகும் ‘இந்தியா’ என்றே எழுத வேண்டும்.

மூன்றாவது, இனக்குழு (பரம்பரை, பண்பாட்டுப் பின்னணி). இதில் ‘ஆசியர் அல்லது ஆசிய பிரிட்டிஷ்’ என்ற தலைப்பின்கீழ் இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று கட்டங்கள் வரும். இலங்கைத் தமிழருக்கு மக்கள்தொகைப் படிவத்தில் தனிக் கட்டம் இல்லை. ‘வேறு ஆசியப் பின்னணி’ என்பதைக் குறித்து, பக்கத்தில் ‘தமிழர்’ என்றோ ‘இலங்கைத் தமிழர்’ என்றோ எழுதலாம். எழுதுங்கள். எழுதினால்தான் கணக்கில் வருவீர்கள்.

நான்காவது, தேசிய அடையாளம். இது உங்கள் மனம் சம்பந்தப்பட்டது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கூட ‘பிரிட்டிஷ்’ என்று குறிக்கலாம். கார்டிஃப் நகரில் வளர்ந்த உங்கள் மகள் ‘வெல்ஷ்’ என்று குறிக்கலாம். ஒன்றுக்கு மேலும் குறிக்கலாம். இதில் தவறான விடை என்று ஒன்று இல்லை. இதனால் உங்கள் விசா பாதிக்கப்படாது.

ஐந்தாவது, முதன்மை மொழி. ‘தமிழ்’ என்று எழுதத் தயங்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படி எழுதியிருக்கிறார்கள். மொழிபெயர்ப்பாளர் வசதி போன்றவற்றைத் திட்டமிட அரசும் உள்ளாட்சிகளும் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான்.

இனக்குழுவைச் சொன்னால் வேலை கிடைக்காமல் போகுமா?

வேலை விண்ணப்பத்தோடு வரும் அந்தப் பக்கம் பாகுபாடு நடக்கிறதா என்று கண்காணிப்பதற்கானது. ‘சொல்ல விரும்பவில்லை’ என்ற கட்டம் பெரும்பாலும் இருக்கும். உங்களுக்கு மனமில்லையென்றால் அதைக் குறித்துவிட்டுப் போகலாம். இனம், நிறம், தேசிய மூலம் ஆகியவற்றைக் காட்டி வேலை மறுப்பது அங்கே 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி சட்டவிரோதமான பாகுபாடு. தீர்ப்பாயத்துக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு.

பிரிட்டிஷ் குடியுரிமை எடுத்தால் இந்தியக் குடியுரிமை என்னாகும்?

முடிந்துவிடும். பிரிட்டன் இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியா ஏற்பதில்லை. நீங்கள் பிரிட்டிஷ் குடிமகனாகும் அந்த நாளிலேயே இந்தியக் குடியுரிமை இழப்பாகிறது. இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகும் அதைப் பயன்படுத்தினால் அபராதம். ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) எடுத்துக்கொண்டால் இந்தியாவுக்கு விசா இல்லாமல் வந்துபோகலாம். ஆனால் வாக்குரிமை இல்லை. விவசாய நிலம் வாங்க முடியாது. இலங்கைக்காரர்கள் முறைப்படி விண்ணப்பித்து இரட்டைக் குடியுரிமை பெற முடியும்.

குடியுரிமைக்குத் தேர்வு எழுத வேண்டுமாமே?

ஆமாம். ‘யு.கே.யில் வாழ்க்கை’ என்ற தேர்வு. 45 நிமிடத்தில் 24 கேள்விகள். 18 சரியாக இருந்தால் தேர்ச்சி. நான்கு நாடுகளின் வரலாறு, திருநாட்கள், சட்டம் எல்லாம் வரும். மொழி அறிவும் வேண்டும். ஆங்கிலம்தான் என்றில்லை, வெல்ஷ் மொழியோ ஸ்காட்டிஷ் கேலிக் மொழியோ தெரிந்தாலும் சட்டம் ஏற்கிறது.

கடைசியில் ஒரு விழா. மன்னருக்கும் நாட்டுக்கும் உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுள் பெயரால் சொல்ல விருப்பமில்லை என்றால் கடவுளைச் சொல்லாமலும் உறுதி கூறலாம். இப்படிப்பட்ட முதல் விழா 2004-இல் லண்டனின் பிரென்ட் வட்டாரத்தில் நடந்தது. நம்மவர்கள் நிறைய வாழும் வெம்ப்ளி அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

எல்லாம் சரி, குடியுரிமை பெற்ற பிறகும் ‘நீ பிரிட்டிஷ் இல்லை’ என்று சொல்பவர்கள் உண்டா?

உண்டு. சட்டம் முடித்துவைத்த கேள்வியைச் சிலர் மறுபடி மறுபடி திறக்கிறார்கள்.

1990-இல் கன்சர்வேடிவ் கட்சியின் நார்மன் டெபிட் ஒரு சோதனையைச் சொன்னார். குடியேறியவர்கள் கிரிக்கெட்டில் இங்கிலாந்துக்குக் கைதட்டுகிறார்களா, விட்டு வந்த நாட்டுக்குக் கைதட்டுகிறார்களா என்று பாருங்கள் என்றார். அந்தச் சோதனையில் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. இங்கிலாந்து கிரிக்கெட் அணி இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியது. எடின்பரோவில் இருப்பவர் அந்த அணி தோற்க வேண்டும் என்று நினைத்தால் அவருடைய பிரிட்டிஷ் குடியுரிமையை யாரும் சந்தேகிப்பதில்லை. ஆனால் சந்தேகம் நம்மைப் போன்றவர்மேல் மட்டும் விழுகிறது. அதே 1990-இல்தான் சென்னையில் பிறந்த நாசர் ஹுசைன் இங்கிலாந்துக்காக முதல் டெஸ்ட் ஆடினார். பின்னர் நான்கு ஆண்டு அந்த அணியின் தலைவராகவும் இருந்தார்.

2014-இல் இங்கிலாந்துப் பள்ளிகள் ‘அடிப்படை பிரிட்டிஷ் விழுமியங்களை’ வளர்க்க வேண்டும் என்று அரசு வழிகாட்டியது. ஜனநாயகம், சட்டத்தின் ஆட்சி, தனிமனிதச் சுதந்திரம், வேறு நம்பிக்கை உள்ளவர்களை மதித்தல் ஆகியவை அவை. நல்ல விழுமியங்கள்தான். இவை பிரிட்டனுக்கு மட்டும் சொந்தமா என்ற கேள்வியை ஆசிரியர்களே எழுப்பினார்கள்.

2025-இல் சண்டை ‘ஆங்கிலேயர்’ என்ற பெயருக்கு நகர்ந்தது. சவுத்தாம்ப்டனில் பிறந்து பிரதமராக இருந்த ரிஷி சுனக் ஆங்கிலேயரா என்று விவாதித்தார்கள். அவரோடு அமைச்சரவையில் இருந்த சுயெல்லா பிரேவர்மேன், தாய்வழியில் மொரீஷியஸ் தமிழ்க் குடும்பத்தவர், தான் பிரிட்டிஷ்தான், ஆனால் ஆங்கிலேயர் அல்ல என்று எழுதினார். ஆங்கிலேயர் என்பது வம்சத்தைச் சார்ந்தது என்பது அவர் கருத்து. சுனக் தன்னை ஆங்கிலேயர் என்றே சொல்கிறார்.

யார் சொல்வது சரி? தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும்வரை இருவரும் சரி. ஒருவர் தன் அளவுகோலை எடுத்துக்கொண்டு அடுத்தவரை அளக்கப் போகும்போதுதான் தவறு தொடங்குகிறது. நிறத்தையும் வம்சத்தையும் வைத்து அளந்தால், அங்கேயே பிறந்து அங்கேயே படித்த நம் பிள்ளைகளுக்கு எந்தத் தலைமுறையிலும் இடம் கிடைக்காது. அந்த அளவுகோலை நாம் ஏற்கவும் கூடாது, வேறு யார்மேலும் பிரயோகிக்கவும் கூடாது.

பேச்சில் யாரை எப்படிச் சொல்வது?

தெரியாதவரை ‘ஆங்கிலேயர்’ என்று சொல்லிவிடாதீர்கள். ஸ்காட்லாந்துக்காரருக்கும் வேல்ஸ்காரருக்கும் அது மனத்தாங்கலாக இருக்கும். நாட்டைப் பொதுவாகச் சொல்ல யு.கே. அல்லது பிரிட்டன் என்பது பாதுகாப்பானது. டப்ளின்காரரை ஒருபோதும் பிரிட்டிஷ் என்று சொல்லாதீர்கள். வட அயர்லாந்துக்காரரிடம் ஊர்ப் பெயரைக் கேளுங்கள். அவர் தன்னை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள்.

எந்தப் பகுதியில் இருக்கிறோம் என்பதால் பணமோ உரிமையோ மாறுமா?

மாறும். ஸ்காட்லாந்தில் இளங்கலைச் சிறப்புப் பட்டம் பொதுவாக நான்கு ஆண்டு, இங்கிலாந்தில் மூன்று. கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஓர் ஆண்டு கூட்டிக் கணக்கிடுங்கள். மருத்துவர் எழுதிக்கொடுக்கும் மருந்துக்கு இங்கிலாந்தில் கட்டணம் உண்டு; மற்ற மூன்றிலும் இலவசம். ஸ்காட்லாந்தின் சட்டமும் நீதிமன்றமும் தனி. வீட்டு வாடகை ஒப்பந்த விதிகளும் வேறு. ஸ்காட்லாந்து வங்கிகள் தனியாக நோட்டு அச்சிடுகின்றன. ஊர் திரும்புமுன் அவற்றை இங்கிலாந்து வங்கி நோட்டாக மாற்றிக்கொள்வது நல்லது.

பெல்ஃபாஸ்டுக்கு உங்கள் யு.கே. விசா செல்லும். அங்கிருந்து டப்ளினுக்குச் சாலையில் சோதனைச் சாவடி இல்லை என்பதற்காகப் பஸ் ஏறிவிடாதீர்கள். அயர்லாந்துக்குத் தனி விசா விதி. குறுகிய காலச் சுற்றுலாவுக்கு இரு நாடுகளும் சேர்ந்து நடத்தும் ஒரு திட்டம் இந்தியர்களுக்கு உண்டு. உங்கள் விசா அதில் அடங்குமா என்று புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடியுரிமை இல்லாமல் அங்கே வாக்களிக்க முடியுமா?

முடியும். காமன்வெல்த் குடிமக்களான இந்தியர்களும் இலங்கையரும், செல்லுபடியாகும் விசாவோடு அங்கே வசித்தால், 18 வயது நிரம்பியதும் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டு நாடாளுமன்றத் தேர்தலில்கூட வாக்களிக்கலாம். மாணவர்களுக்கும் இந்த உரிமை உண்டு. பலருக்குத் தெரியாததால் விட்டுவிடுகிறார்கள்.

கடைசியாக, என்ன செய்ய வேண்டும்?

படிவத்தில் பேனா வைக்குமுன், கேட்பது குடியுரிமையா, பிறந்த நாடா, இனக்குழுவா, அடையாளமா, மொழியா என்று பாருங்கள். பழைய பாஸ்போர்ட், விசாக் கடிதம், பள்ளிச் சான்று, வரி ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். கட்டணமும் விதியும் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் நாளில் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அங்கே வளரும் உங்கள் பிள்ளை தன்னை பிரிட்டிஷ் என்றோ, ஸ்காட்டிஷ் என்றோ, தமிழர் என்றோ, எல்லாமும் என்றோ சொன்னால் தடுக்காதீர்கள். அந்தக் கட்டத்தை நிரப்பும் உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டுமே உண்டு.